முழுமையும் ஒப்புவித்தல்: டோனாவூரின் சாட்சியம்

ஞாயிறு ஆராதனையின் முடிவில், எங்களையும் எங்களுக்குள்ள யாவற்றையும் உமது சமுகத்தில் ஒப்புவிக்கிறோம் என்று போதகர் ஜெபிக்கும்பொழுது, சபையார் அனைவரும் ஒரே குரலாக 'ஆமென்' சொல்லுகிறார்கள். அந்த 'யாவற்றையும்' என்பதற்குள், திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து கையிலெடுக்கும் தராசும், அண்ணன் தம்பிக்கு நடுவே பல ஆண்டுகளாகத் தீராத வரப்புத் தகராறும், மூத்த மகளுக்கு வரன் பார்க்கும்பொழுது முதலாவதாகக் கேட்கப்படும் கேள்வியும், மாத முதல் தேதியில் கைக்கு வரும் சம்பளமும் அடங்குமா என்று கேட்டால், மனம் சற்றே தயங்குகிறது. முழு அர்ப்பணிப்பு என்பது சாதுக்களுக்கும் சந்நியாசிகளுக்கும் உரியது, குடும்பஸ்தனுக்கு உரியதன்று என்று சிலர் ஒதுங்கிக்கொள்ளுகிறார்கள். வேறு சிலர், எழுப்புதல் கூட்டமொன்றில் கண்ணீரோடு முழங்காலிட்ட அந்த ஒரு நாழிகையிலேயே அது முடிந்துபோயிற்று என்று எண்ணித் திருப்தியடைகிறார்கள். இரண்டும் சரியல்ல என்பது என் துணிபு. தேவனுக்குத் தன்னை ஒப்புவித்தல் ஒரு நாளில் தொடங்கி ஆயுள் முழுவதும் நடக்கிற காரியம். ஒவ்வொரு துறையாக, பெரும்பாலும் நாம் எதிர்பாராத வரிசையில், நம்மிடம் கேட்கப்படுவது. அதில் மிகவும் கடினமான பகுதி நமது பாவங்களை விடுவதன்று. நாமே விரும்பித் தெரிந்துகொண்ட நற்கிரியையை, அதுவும் தேவனுக்கென்றே செய்துவந்த ஊழியத்தை, அவர் வேறு விதமாக ஆக்க விரும்பும்பொழுது அதைக் கைவிடுவதே கடைசியில் வரும் கஷ்டம்.

சரணாகதி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தன் முயற்சியின்மேல் நம்பிக்கையற்று ஆண்டவன் திருவடியையே பற்றுக்கோடாகக் கொள்ளும் நெறியை வைணவ ஆசாரியர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாகப் போதித்து வந்திருக்கிறார்கள். அந்த வைணவ மரபிலே பிறந்து வளர்ந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தை இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் கவிதையில் ஒரு பக்தனின் உருக்கத்தைக் காண்கிற தமிழன் எவனும், கிறிஸ்தவனாயினும் வேறு மார்க்கத்தானாயினும், அதை அந்நிய உணர்ச்சி என்று சொல்லமாட்டான். ஆயினும் கிறிஸ்தவ அர்ப்பணிப்புக்கு ஒரு தனித்த அடிப்படை உண்டு. பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தில், பதினோரு அதிகாரங்கள் முழுவதும் தேவனுடைய இரக்கத்தையே விவரித்துவிட்டு, அதன் பிறகே பன்னிரண்டாம் அதிகாரத்தின் வாசலில் நின்று, அந்த இரக்கத்தை முன்னிட்டு உங்களை ஒப்புக்கொடுங்கள் என்ற கருத்தில் வேண்டிக்கொள்ளுகிறார். இரக்கம் முந்தியது, ஒப்புவித்தல் பிந்தியது. மீட்பைப் பெறுவதற்காகச் செலுத்தும் விலையாக அது இங்கே வைக்கப்படவில்லை. மீட்பைப் பெற்றவன் காட்டும் நன்றியறிதலாகவே வைக்கப்படுகிறது. அன்றியும், அவர் அங்கே கேட்பது ஆத்துமாவையல்ல, சரீரத்தை. கை, கால், நாவு, வயிறு, தூக்கம், வியாதி, முதுமை ஆகிய யாவும் சரீரத்தில் அடங்கியிருக்கின்றன. உள்ளத்தை மாத்திரம் தேவனுக்குக் கொடுத்துவிட்டு உடலின் நடவடிக்கைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் சௌகரியத்துக்கு அந்த வசனத்தில் இடமில்லை.

இதை நூலறிவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, நம் கண்ணெதிரே வாழ்ந்து முடித்த ஒருவரின் சரித்திரத்தின் வழியாகப் பார்ப்பது நலம். திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்குச் சமீபமாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்றோர் ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மாவட்டத்தில் சபைகளை நாட்டிய ரேனியஸ் ஐயரின் முயற்சியால் தோன்றிய அந்தக் குடியேற்றத்துக்கு, பொருளுதவி செய்த டோனா என்னும் பிரஷ்ய நாட்டுப் பிரபுவின் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம், ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் இந்தியாவிலேயே வாழ்ந்து, அதில் மிகப் பெரும்பகுதியை அந்த ஊரிலேயே கழித்து அங்கேயே மண்ணில் அடங்கியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அவர் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி, வட அயர்லாந்தின் கடலோரச் சிற்றூராகிய மில்லிஸில், மாவு ஆலை நடத்திவந்த ஒரு செல்வக் குடும்பத்தில், ஏழு குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் காலமானபின் பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே ஊழியம் செய்தார். இங்கிலாந்தின் வடபகுதி ஏரிச்சீமையில் 1875 முதல் ஆண்டுதோறும் கூடிவரும் கெசிக் மகாநாடு அவருடைய வாழ்க்கையை உருவாக்கியது. வாழ்க்கையின் எல்லாப் பகுதிகளையும் கிறிஸ்துவின் ஆளுகைக்குக் கீழ்ப்படுத்துவதே அந்த மகாநாட்டின் பிரதான போதனை. அம்மகாநாட்டின் ஆதரவில் அனுப்பப்பட்ட முதல் மிஷனெரி ஏமியே. 1893-இல் ஜப்பான் சென்று, அங்கே உடல்நலம் குன்றித் திரும்பி, 1895-இல் பெங்களூர் வந்து இறங்கி, பிறகு திருநெல்வேலியை அடைந்தார். தாமஸ் வாக்கர் என்னும் ஊழியரிடம் தமிழ் கற்றார், புடவை உடுத்தினார், மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று பெண்களுக்குச் சுவிசேஷம் சொல்லும் தமிழ்ப் பெண்களின் சிறு குழு ஒன்றைச் சேர்த்தார். அக்கம்பக்கத்தார் அக்குழுவை விண்மீன் கூட்டம் என்று அழைத்தார்களாம்.

அந்தக் கூட்டத்தின் தலைமணியாக விளங்கியவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. காதிலும் கழுத்திலும் பொன் இல்லாத பெண்ணை ஊரார் இழிவாக நோக்கிய அக்காலத்தில், ஒரு பெண்ணின் நகை அவள் அலங்காரம் மாத்திரமல்ல. அவள் குடும்பத்தின் அந்தஸ்தும், அவளுக்குள்ள ஒரே சொத்தும் அதுவே. அப்படிப்பட்ட நகைகளைப் பொன்னம்மாள் தம் மனச்சாட்சி ஏவியபடி தாமே கழற்றி வைத்தார். உறவினர் கொதித்தனர்; கிறிஸ்தவர்களே குறை கூறினர். வெள்ளைக்காரியான ஏமிக்கு நகையைத் துறப்பது அற்பக் காரியம். தமிழ்ப் பெண்ணான பொன்னம்மாளுக்கோ அது தன் குலத்தாரின் மதிப்பையே துறப்பதாகும். மிஷனெரியின் தியாகத்தைப் புகழ்ந்து எழுதும் நாம், அவர் பக்கத்தில் நின்று அவரைவிட அதிக விலை கொடுத்த தமிழ்ப் பெண்களைப் பாதி மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு எப்பொழுதும் உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது.

நகையைப் பற்றிய பேச்சு வந்ததால், இங்கிலாந்தில் நடந்த வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. பிரான்சிஸ் ரிட்லி ஹாவர்கல் என்னும் கவியரசி, தம் கைகள், கால்கள், குரல், உதடுகள், வெள்ளி, பொன், அறிவு, சித்தம், இருதயம் என்று தம்முடையவற்றை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டுத் தேவனுக்குப் படைக்கும் பாமாலையை 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எழுதினார். உலகமெங்கும் சபைகளில் இன்றும் பாடப்படுவது அது. வெள்ளியையும் பொன்னையும் கொடுத்துவிட்டதாக அவர் பாடியது 1874-இல். தம் நகைப்பெட்டியைத் திறந்து, ஏறக்குறைய ஐம்பது ஆபரணங்களை எடுத்துக் கட்டி, விற்று ஊழியத்துக்குப் பயன்படுத்தும்படி சர்ச் மிஷனெரி சங்கத்தாருக்கு அனுப்பியது 1878-இல். அவ்வளவு சந்தோஷத்தோடு தாம் வேறெந்தப் பெட்டியையும் கட்டியதில்லை என்று தம் தோழிக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், நாற்பத்திரண்டாம் வயதில், அவர் இறந்தார். பாட்டுக்கும் பெட்டிக்கும் இடையே நாலு ஆண்டுகள் சென்றன என்பதால் அவர் 1874-இல் பொய் பாடினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அன்று அவர் தம்மிடம் இருந்த வெளிச்சத்துக்கு ஏற்ப முழு மனதோடுதான் கொடுத்தார். நகைப்பெட்டி அன்று அவர் நினைவில் வரவில்லை. உண்மையாக ஒப்புவித்தவனிடத்திலும் இப்படி நினைவுக்கு வராத பெட்டிகள் பல இருக்கின்றன. அவை தென்படும்பொழுது கொடுக்கிறானா என்பதே அவன் முதலில் செய்த பிரதிஷ்டை மெய்யானதா என்பதைக் காட்டும்.

ஏமி அம்மையாருக்குத் தென்பட்ட பெட்டி வேறு. 1901-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி காலையில், பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு, ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றை ஒரு கிறிஸ்தவ மூதாட்டி அழைத்துக்கொண்டு வந்தாள். பிரீனா என்பது அச்சிறுமியின் பெயர். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த அவள் ஏற்கனவே ஒருமுறை தப்பித் தன் தாயிடம் ஓடியிருந்தாள். தாயோ அஞ்சி அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். ஓடிப்போன குற்றத்துக்காக அவளுடைய சின்னஞ்சிறு கைகளில் சூடு போடப்பட்டது. இரண்டாம் முறை தப்பி வந்த அக்குழந்தை, ஏமியின் மடியில் ஏறி அமர்ந்து, இனி இங்கேயே இருப்பேன் என்று நிச்சயத்தோடு சொல்லி, தான் கண்டதையும் கேட்டதையும் தன் மழலையில் விவரித்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் சட்டம் தடுத்தது 1947-இல்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையிலும் வெளியிலும் பல ஆண்டுகள் போராடியே அதைச் சாதிக்க வேண்டியிருந்தது. பிரீனா வந்த நாளிலோ அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோரே அரிது.

பிரீனாவைத் தொடர்ந்து மற்றக் குழந்தைகளும் வந்தார்கள். தொட்டில் குழந்தைகளும் வந்தார்கள். இந்த இடத்தில்தான் அம்மையாருடைய அர்ப்பணிப்பின் மிகக் கடினமான சோதனை ஆரம்பமாயிற்று என்று நான் கருதுகிறேன். அவர் கடல் கடந்து வந்தது சுவிசேஷம் சொல்லுவதற்கு. மிகுந்த பிரயாசத்துடன் தமிழ் கற்றது கிராமந்தோறும் பேசுவதற்கு. பெண்கள் குழுவைப் பழக்கியது ஊர் ஊராகச் செல்லுவதற்கு. இப்பொழுதோ, பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்ட கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நள்ளிரவில் தாழ்வாரத்தில் நடக்கவேண்டியிருந்தது. துணி துவைக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், ஒன்று உறங்கும்பொழுது மற்றொன்று விழித்து அழும். தாய்ப்பால் இல்லாத சிசுவைக் காப்பாற்றுவது அக்காலத்தில் எளிதன்று. வேறு சாதிக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வருவதில்லை. பல குழந்தைகள் இறந்தன. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அருகே சிசுக்களுக்கென்று ஒரு விடுதி ஏற்படுத்தி, பொன்னம்மாளே அங்கே தங்கி அதை நடத்தினார். 1915-இல் புற்றுநோயால் இறக்கும்வரையில் அவரே ஏமிக்கு வலக்கையாக இருந்தார்.

பிரசங்கிக்கும் வரம் பெற்ற ஒருவர் ஆயாவாக ஆகிவிட்டாரே, இது தாலந்தை மண்ணில் புதைப்பதாகாதா என்று சக ஊழியர்களே கேட்டனர். கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர்; நியாயமான கேள்விதான் அது. ஏமியும் அதே கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொண்டவர். தம் கால்கள் கட்டப்பட்டுவிட்டனவோ என்று கலங்கியவர். சீஷர்களின் கால்களைக் கழுவும்படி ஆண்டவர் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, ஒரு துணியை அரையில் கட்டிக்கொண்ட அந்த இரவின் சம்பவத்தில் அவருக்கு விடை கிடைத்தது. அன்று அந்த மேல்வீட்டில், உபதேசத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் துணியும் எடுப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாக எஜமான் நினைக்கவில்லையானால், ஊழியக்காரி தன் வேலையைத் தானே தரம் பிரித்துக்கொள்ள ஏது உரிமை?

பணத்தை விடுகிறவர்கள் உண்டு, மதுவை, சூதாட்டத்தை விடுகிறவர்கள் அநேகர், கோபத்தைக்கூட அடக்கிக்கொள்ளுகிறார்கள். தாங்கள் தொடங்கி வளர்த்த ஊழியத்தை, தாங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியை, சபையில் தங்களுக்குரிய இடத்தை விடுகிறவர்களைக் காண்பது மிக அரிது. தேவனுக்கென்று செய்கிறோம் என்ற பெயரால் அவை பாதுகாக்கப்பட்டிருப்பதால், அவற்றில் கைவைக்க மனச்சாட்சிக்குக்கூடத் துணிவு வருவதில்லை. ஓய்வு பெற்ற பின்பும் பள்ளிக்கூடத்தின் திறவுகோலைக் கொடுக்க மனம் வராத தலைமையாசிரியரையும், மகனையே அடுத்த போதகராக்கிவிட்டுத்தான் கண்மூடுவேன் என்று நிற்கும் ஊழியரையும் நாம் அறியாமல் இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிஸ்டல் நகரத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை ஜெபத்தின் பலத்தாலேயே போஷித்த ஜார்ஜ் முல்லரின் வழியைப் பின்பற்றி, டோனாவூரிலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்ற நியமம் இருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை நூற்றுக்கணக்காயிற்று. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியும் ஜெபவீடும் எழுந்தன. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் என்ற பெயரால் அந்த ஊழியம் பதிவு செய்யப்பட்டது. அந்த நியமம் எல்லா ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். நேர்மையாகக் கணக்குக் காட்டி உதவி கேட்பதிலும் அவிசுவாசம் இல்லை.

கீர்த்தியின் காரியம் இன்னும் சூட்சுமமானது. 1919-இல் அரசாங்கம் அவருக்குக் கைசரி-ஹிந்து பதக்கம் அளிப்பதாக அறிவித்தபொழுது, அவர் மனம் கலங்கி, அதை ஏற்காமலிருக்க இடமுண்டா என்று சென்னை கவர்னருக்கே எழுதிக் கேட்டார். நிந்தையையும் அலட்சியத்தையும் பெற்ற ஆண்டவருடைய ஊழியத்தில் தமக்குப் பதக்கம் எதற்கு என்பதே அவர் கலக்கம். ஊழியத்தின் வெற்றிக் கதைகளை மாத்திரம் கேட்க விரும்பிய இங்கிலாந்து வாசகர்களுக்கு, உள்ளது உள்ளபடியே, தோல்விகளையும் மறைக்காமல் அவர் எழுதிய நூல், ஊக்கம் கெடுப்பதாக இருக்கிறதென்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. 1903-இல் அது திருத்தப்படாமலே வெளியாயிற்று. எழுதுகோலையும் ஒப்புவித்தவர் அவர். அவரிடம் குறையே இல்லை என்றும் நான் எழுதப்போவதில்லை. அக்காலத்து மிஷனெரிகள் பலரைப்போலவே அவரும் இந்து சமயத்தை அதன் பெயரால் நடந்த கொடுமைகளின் வழியாகவே பெரும்பாலும் கண்டார். அதன் உயர்ந்த பக்தியை அறிந்த தமிழ் வாசகனுக்கு அவருடைய சில பக்கங்கள் மனவருத்தம் தரும். ஒரு மனிதர் தம்மை முழுவதும் தேவனுக்குக் கொடுத்துவிட்டார் என்பதால் அவர் காண்பதெல்லாம் முழுமையாகிவிடுவதில்லை.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி காலையில், தமக்கு எது நேர்ந்தாலும் சரி, தம்மைத் தேவனுக்கும் தம் பிள்ளைகளுக்கும் அதிகம் பயன்படச் செய்யுமானால் அது நேரட்டும் என்ற கருத்தில் அவர் ஜெபித்தார். அன்று மாலை, களக்காட்டில் ஊழியத்துக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த வீடொன்றைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில், இருக்கத் தகாத இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியிலே கால் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகிற்று. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922-லும் 1924-லும் முயன்றவர்களுள் ஒருவரான டாக்டர் சாமர்வெல் பணிபுரிந்த நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அவரை எடுத்துச் சென்றனர். சில வாரங்களில் நடந்துவிடலாம் என்றே எல்லோரும் நம்பினர். ஆனால் பிறகு அவர் உயிரோடிருந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையிலேயே கழிந்தன. தேவன் அவர் காலை முறித்தார் என்று நான் சொல்லவில்லை. குழியைத் தோண்டியவர்கள் மனிதர்கள். காலையில் செய்த ஜெபத்தை மாலையில் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை என்பதே இங்கே நாம் கவனிக்கத்தக்கது.

அதுவும் எளிதில் நடந்துவிடவில்லை. தூக்கமில்லாத இரவுகளைப் பற்றியும், பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற துயரத்தைப் பற்றியும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆரோக்கியமானவர்கள் நாற்காலியில் அமர்ந்துகொண்டு நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் வார்த்தைகள் தம்மை எட்டவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலை 1933-இல் வெளியிட்டார். கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே, பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்ற விருப்பத்தை முதலில் பிதாவிடம் சொல்லி, அதன் பின்னரே தம் சித்தத்தைப் பிதாவின் சித்தத்துக்குக் கீழ்ப்படுத்தினார் அல்லவா? விருப்பமே இல்லாமல் மரத்துப்போவதை ஒருவரும் கேட்கவில்லை. வலிக்கிறது என்று தேவனிடம் சொல்லுகிறவன் அர்ப்பணிப்பில் குறைந்தவன் அல்லன். படுக்கையிலிருந்தபடியே அம்மையார் பல நூல்களை எழுதினார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கடிதங்கள் எழுதினார். தலைமைப் பொறுப்பைப் பிறர் கைக்கு மாற்றிக்கொடுத்தார். 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் முன்னதாகவே சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் கற்றொட்டி ஒன்றை அங்கே அமைத்து, அதில் 'அம்மை' என்று மாத்திரம் பொறித்தார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தேவனுக்கு ஒப்புவி என்ற உபதேசத்தை, எனக்கு ஒப்புவி என்று திருப்பிவிடும் மனிதர்கள் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கிறார்கள். தசமபாகத்துக்குக் கணக்குக் கேட்டால் கலகக்காரன் என்றும், கணவனின் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடிவந்த பெண்ணிடம் இதுவே உன் சிலுவை, திரும்பிப் போ என்றும் சொல்லுகிறவர்கள், தேவனுடைய இடத்தில் தங்களை வைத்துக்கொள்ளுகிறார்கள். பிரீனாவைத் திரும்பிப் போ என்று ஏமி சொல்லவில்லை. அக்குழந்தைகளுக்காக வழக்கு மன்றத்துக்கும் சிறைக்கும் போக நேர்ந்தாலும் நேரட்டும் என்று நின்றார். தன் உரிமையை விடுவது அர்ப்பணிப்பு. எளியவனின் உரிமையைப் பறித்துக்கொண்டு அவனிடம் அர்ப்பணிப்பைப் போதிப்பது அக்கிரமம். ஒப்புவித்தல் சுயாதீனனாக ஒருவன் தன் தேவனுக்குச் செய்வது. இன்னொருவன் அதை வசூலிக்க முடியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். டோனாவூருக்கு நாம் எல்லோரும் போகவேண்டியதில்லை. திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற நம்முடைய கிறிஸ்தவ இல்லங்களில், தேவனுக்கு விடப்படாத துறை எது என்று கேட்டால், நான் தயங்காமல் விவாகம் என்றே சொல்லுவேன். ஞானஸ்நானம் பெற்று நாலு தலைமுறை ஆனபிறகும், பெண் பார்க்கப் போகும்பொழுது சாதி முதலாவதாகவும், பவுன் இரண்டாவதாகவும், பக்தி மூன்றாவதாகவும் விசாரிக்கப்படுகின்றன. குடும்ப ஜெபம் தவறாமல் நடத்துகிற தகப்பனார், காலை உணவுக்கு முன் வேதம் வாசித்துவிட்டு, அதே மேசையில் அமர்ந்து, மகனுக்கு இவ்வளவு ரொக்கம், இவ்வளவு நகை, ஒரு வண்டி என்று தரகரிடம் பேசுகிறார். அவர் கபடர் என்று நான் நினைக்கவில்லை. ஹாவர்கலின் நகைப்பெட்டியைப்போல அந்தத் துறை அவர் நினைவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நினைவூட்டப்பட்ட பிறகும் பேரத்தைத் தொடர்வாரானால் அது வேறு காரியம். டோனாவூரில் பல சாதிக் குழந்தைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டு, ஒரே தாயின் பிள்ளைகளாக வளர்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதே மாவட்டத்தின் சபைகளில், சாதி பார்த்துக் கமிட்டித் தேர்தலும், சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டமும் நடக்குமானால், அங்கே முழுமையும் ஒப்புவிக்கிறோம் என்ற ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்லுவது எப்படி?

ஆகவே வரன் பார்க்கத் தொடங்கும் பெற்றோர் யாராயினும், தரகரை அழைப்பதற்கு முன்னே கணவனும் மனைவியுமாக அமர்ந்து, எவற்றைக் கேட்கமாட்டோம், எவற்றை விசாரிக்கமாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டி, போதகரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதே என் யோசனை. பேச்சு நடக்கும்பொழுது உறவினரின் முகத்தாட்சண்யத்துக்கு உடன்பட்டுப்போவது மனித இயற்கையாகையால், பிள்ளையும் போதகரும் அறிய எழுதிவைத்த அந்தத் தாள், அப்பொழுது அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.